‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று அனுப்பப்பட்ட படபடப்பு: பெங்களூரு கார்மென்ட்ஸ் சூப்பர்வைசர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மன அழுத்தம் உடம்பைத் தாக்கும் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. படபடப்பு, தலைவலி, தூக்கமின்மை என்று யார் வந்தாலும் ‘டென்ஷன்’ என்று எழுதி அனுப்பும் வழக்கமும் அதனாலேயே பெருகிவிட்டது. கீழே பதிவாகியுள்ள பெண்ணுக்கு அழுத்தம் இருந்தது, கடுமையாகவே இருந்தது. அதன் நிழலில் இன்னும் இரண்டு காரணங்கள் ஒளிந்திருந்தன. மூன்றையும் தனித்தனியே பிரித்து அளந்த பிறகுதான் அவர் தேறினார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

வயது 41. பூர்வீகம் வட ஆர்க்காடு, பிறந்து வளர்ந்தது பெங்களூரு ஸ்ரீராம்புரம். பீன்யா பக்கம் உள்ள ஏற்றுமதி கார்மென்ட்ஸில் டெய்லராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசராக உயர்ந்தவர். பச்சை வழித்தட மெட்ரோவில் வேலைக்குப் போய்வருகிறார். அவர் லைனில் 38 மெஷின்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவார்கள். ஒரு மணி நேரம் குறைந்தால் அடுத்த மணி நேரத்தில் ஈடுகட்ட வேண்டும். ஆல்டரேஷனுக்குத் திரும்பிவரும் பீஸ்களும் அவர் தலையில்தான் விழும். மேலே புரொடக்‌ஷன் மேனேஜர், கீழே டெய்லர்கள். இரு பக்கத்துக் கோபத்தையும் வாங்கிக்கொள்ளும் இடம் அது.

ஜூன் மாதம் ஆட்டோ ஓட்டும் கணவருக்கு விபத்தில் கால் எலும்பு முறிந்து, நான்கு மாதம் வருமானம் நின்றது. மூத்த மகள் இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு). வீட்டில் மாமியார். அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு குழுக் கடன்கள் வாங்கினார், நகையை அடகு வைத்தார். குழுக் கடனுக்கு வாரக் கட்டு, செவ்வாய்க்கிழமை.

அறிகுறிகள் வந்த வரிசை

ஜூலையில் கழுத்தும் தோள்பட்டையும் இறுகின. மாலை நான்கு மணிக்கு மேல் தலையைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல வலி. எலும்பு மருத்துவர் ஒருவர் டைக்ளோஃபெனாக் 50 மி.கி.யும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். வலி விட்டது. சீட்டு முடிந்த பிறகும் மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்கி, தினமும் மதியம் ஒன்று போட்டுக்கொண்டார்.

ஆகஸ்டில் நெஞ்செரிச்சல், காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இரண்டு மூன்று முறை வயிற்றுப்போக்கு. ‘கேஸ்’ என்று சிகிச்சை. செப்டம்பரில் கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. விடிகாலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் வராது. மாடிப்படி ஏறினால் படபடப்பு.

அக்டோபரில் ஷிப்மென்ட் வாரத்தின் செவ்வாய் இரவு, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்தது. மூச்சு வேகமாக ஓடியது. உதட்டோரமும் விரல் நுனிகளும் மரத்தன. இரண்டு கை விரல்களும் உள்பக்கமாக மடங்கி இறுகிக்கொண்டன. சுற்றியிருந்தவர்கள் “நல்லா ஆழமா மூச்சை இழும்மா” என்று சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது.

தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 158/98, மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் அளவு 100 சதவீதம். இ.சி.ஜி.யில் வேகமான ஆனால் ஒழுங்கான துடிப்பு. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினை மூன்று மணி நேர இடைவெளியில் பார்த்த இரண்டு சோதனைகளும் இயல்பு. மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்தது சரியான வேலை. 40 வயதைத் தாண்டிய பெண் நெஞ்சடைப்போடு வந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஆனால் விசாரணை அதோடு நின்றது. ‘டென்ஷன், ஓய்வு எடுங்கள்’ என்ற குறிப்போடும், இரவுக்குப் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மி.கி.யோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்கப்படவில்லை.

நவம்பர்: முதல் சந்திப்பு

எங்கள் குடும்பநல மருத்துவ மையத்துக்கு அவர் வந்தபோது கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, செவிலியர் தனியாகப் பேசினார். இந்தத் தனிமையை விட்டுக்கொடுக்கவே கூடாது. கடன், மாதவிடாய், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றைப் பற்றி வீட்டார் எதிரில் உண்மை வராது.

“நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குக்கா. படி ஏறுனா தொண்டைகிட்ட துடிக்குது. எல்லாரும் டென்ஷன்னு சொல்றாங்க. டென்ஷன் இல்லாத பொம்பள எங்க இருக்கா?”

இந்தப் பேச்சில் இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். பதற்றத்தால் வரும் படபடப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும், படுத்திருக்கும்போதும் வரும். படி ஏறும்போதெல்லாம் தவறாமல் வருகிறது என்றால் ரத்தம், இதயம், தைராய்டு மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

கைப்பையிலிருந்து சீட்டுகளை எடுக்கும்போது ஒரு சின்ன சுருக்குப் பை வெளியே வந்தது. உள்ளே பச்சரிசி. நாலு மாதமாக லைனில் நிற்கும்போது வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பதாகவும், இல்லாவிட்டால் கை தானாகத் தேடுவதாகவும் கூச்சத்தோடு சொன்னார். பச்சரிசி, சாம்பல், ஐஸ், மண் என்று உணவல்லாததையோ வேகாததையோ தேடும் இந்த ஏக்கம் இரும்புச்சத்துக் குறைபாட்டின் பழைய அடையாளம். யாரும் கேட்டால் ஒழிய யாரும் சொல்லமாட்டார்கள். கீழ் இமையின் உட்பக்கம் வெளிறியிருந்தது. மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது, முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டும், கட்டி கட்டியாகப் போகிறது என்றார். மலம் கறுப்பாகப் போகவில்லை; போயிருந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் முதலில் 152/96. புஜத்தின் சுற்றளவு 36 செ.மீ. இருக்க, சுற்றியிருந்தது சாதாரண அளவுப் பட்டை. சிறிய பட்டை அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். பெரிய பட்டை மாற்றி, சிறுநீர் கழித்துவரச் சொல்லி, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து எடுத்தபோது 138/88.

காபி நாளைக்கு ஆறு. தண்ணீர் ஷிப்டு முழுவதும் ஒரு டம்ளர்தான், பாத்ரூம் போக லைனை விட வேண்டியிருக்கும் என்பதால். மதியச் சாப்பாடு பாதி நாள் கிடையாது. வலி மாத்திரை மாதத்தில் 26 நாள். அல்பிரசோலம் மொத்தமே நாலைந்து முறை.

சோதனை முடிவுகள்: ஹீமோகுளோபின் 9.2 (பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது), உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7 (மிகக் குறைவு), தைராய்டு இயல்பு, சர்க்கரை இயல்பு, சிறுநீரகச் செயல்பாடு இயல்பு. வயிற்று ஸ்கேனில் கருப்பையில் 2.5 செ.மீ. நார்க்கட்டி. பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 வினாத்தாளில் 21க்கு 13, மனச்சோர்வுக்கான பி.ஹெச்.க்யூ.-9 தாளில் 27க்கு 9. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்குத் தெளிவாக ‘இல்லை’.

உடம்புக்குள் நடந்தது என்ன

ஆபத்து என்று மூளை உணர்ந்த சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கும், தசைகளுக்கு ரத்தம் கூடும், மூச்சு விரையும். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-ல் ‘எதிர்த்து நில், அல்லது ஓடு’ என்று விவரித்த ஏற்பாடு இது. அடுத்த படி மெதுவானது: ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பி என்று செய்தி இறங்கி கார்ட்டிசால் சுரக்கிறது. ரத்தத்தில் அது உச்சம் தொட ஏறக்குறைய இருபது முப்பது நிமிடம் ஆகும். சர்க்கரையை ஏற்றி, உடம்பை விழிப்பிலேயே வைத்திருக்கும். இயல்பாகவே கார்ட்டிசால் நள்ளிரவில் தாழ்ந்து விடிகாலையில் ஏறத் தொடங்கும். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த ஏற்றமே விழிப்பாகிவிடுகிறது. அவருக்கு மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்ததில் இதற்குப் பங்கு உண்டு.

கழுத்து, தோள், நெற்றிப்பொட்டுத் தசைகள் மணிக்கணக்கில் தளராமல் இருந்ததால் பட்டை கட்டியது போன்ற தலைவலி. அழுத்தம் இரைப்பையின் வேலையைத் தாமதப்படுத்தும், பெருங்குடலை முடுக்கிவிடும். எரிச்சலும் காலை வயிற்றுப்போக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது இதனால்தான். முடி உதிர்வு, பெரிய அதிர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்தே தெரியும். ஜூனில் விபத்து, செப்டம்பரில் சீப்பில் முடி. கணக்கு சரியாகவே இருந்தது, இரும்புச்சத்துக் குறைவும் அதைக் கூட்டியிருக்கும்.

விரல்கள் மடங்கிய இரவைப் பற்றி அவருக்கு இன்னும் பயம் இருந்தது, பக்கவாதமோ என்று. தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். ரத்தம் சற்றுக் காரத்தன்மை அடையும், அதில் சுதந்திரமாக இருக்கும் கால்சியம் தாழும், நரம்புகள் கட்டுப்பாடின்றித் தூண்டப்படும். மரப்பும் விரல் இறுக்கமும் அதன் விளைவு. ஆக்சிஜன் நூறு சதவீதம் இருந்தது. குறைந்திருந்தது கரியமில வாயு. அந்த நேரத்தில் ஆழமாக இழுக்கச் சொன்னால் இன்னும் குறையும்.

இதற்கெல்லாம் அடியில் ரத்தசோகை. ஒவ்வொரு துடிப்பிலும் போகும் ஆக்சிஜன் குறைவு என்பதால் இதயம் ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் அட்ரினலின் ஏறியது. மூன்றாவது காரணம், வலியைத் தாங்க அவர் எடுத்த வழிகள். தினமும் டைக்ளோஃபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் அதுவே தலைவலியை உண்டாக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொல்லாதது. வலி மாத்திரையை நிறுத்தினால் இரண்டு முதல் பத்து நாள்வரை தலைவலி கூடும். காபியைத் திடீரென்று விட்டாலும் தலைவலி வரும். இரண்டையும் சேர்த்து விட்டால் எது எதனால் என்று தெரியாது, ஆளும் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுவார். ஆகவே மாத்திரை முதலில். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றோடு விடுப்பு. தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். ஒரு வாரம் பரிந்துரைத்தோம். லைன் என்ன ஆகுமோ என்று நாலு நாள்தான் எடுத்தார். இரண்டு வாரம் கழித்து காபியை வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, நாளைக்கு இரண்டு, அதுவும் மதியத்துக்குள் என்று நிறுத்தினோம்.

இரும்பு மாத்திரை ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி., தினம் ஒன்று. எலுமிச்சைச் சாற்றோடு, காபி டீக்கு ஒரு மணி நேரம் தள்ளி. இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கும். வயிற்றுப் புண்ணுக்கு அது தேவைப்பட்டதால் காலை உணவுக்கு அரை மணி முன் 40 மி.கி. என்று நான்கு வாரம் மட்டும் கொடுத்து நிறுத்தினோம். எவ்வளவு நாள் என்று எழுதாமல் கொடுக்கும் ‘கேஸ் மாத்திரை’ வருடக்கணக்கில் ஓடுவதை இந்த நகரத்தில் தினமும் பார்க்கலாம். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். மாதவிடாய் நாள்களுக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்சாமிக் அமிலத்தை மகளிர் மருத்துவர் எழுதினார்.

அல்பிரசோலம் நிறுத்தப்பட்டது. அவர் எடுத்தது சில முறைதான் என்பதால் தடையில்லை. தினமும் பல வாரம் எடுத்தவர் இப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பதற்றத்துக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து யோசிக்கப்பட்டது. வலி மாத்திரையோடு சேர்ந்தால் அது ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும், ரத்தசோகையும் சரியாகவில்லை. எனவே ஆறு வாரம் பொறுத்து, ஜி.ஏ.டி.-7 பத்துக்குக் கீழ் இறங்காவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்று தேதி குறித்து வைத்தோம்.

ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தொடங்கவில்லை. வலி மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் கழித்து, ஒரு வாரம் வீட்டில் காலை இரண்டு, மாலை இரண்டு அளவுகள் எடுத்து முதல் நாளை விட்டுச் சராசரி பார்ப்பது. வீட்டுச் சராசரி 135/85 தாண்டினால்தான் உயர் அழுத்தம்.

மூச்சுப் பயிற்சி: மூக்கால் நாலு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை. படபடப்பு வந்துவிட்டால் இழுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், விடுவதை மட்டும் நீட்ட வேண்டும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய யோசனை வேண்டாம், உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் அது ஆபத்து. தசையை ஐந்து நொடி இறுக்கிப் பத்து நொடி தளர்த்தும் பயிற்சியும் கற்றுக்கொடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை

ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்றே விஷயம் குறிக்கச் சொன்னோம்: விழித்த நேரம், தலைவலி உண்டா, படபடப்பு உண்டா. மூன்று வாரக் குறிப்பைப் பரப்பிவைத்துப் பார்த்தபோது, விடிகாலை விழிப்புகள் திங்கள் இரவில் குவிந்திருந்தன. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வாரக் கட்டு வாங்குபவர் வாசலில் நிற்பார். தெருவே பார்க்கும். சம்பளம் வருவதோ ஏழாம் தேதி.

இதற்கு மாத்திரை கிடையாது, விதி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் (இத்தகைய குழுக் கடன்) நெறிமுறைப்படி, எந்த இடைவெளியில் கட்டுவது என்பதில் கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ற வசதியைத் தர நிறுவனங்கள் கொள்கை வைத்திருக்க வேண்டும். குடும்பத்தின் மாதத் தவணைகள் மொத்தம் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்காகத் தொடர்புகொள்வது தடைசெய்யப்பட்ட கடுமையான முறைகளில் ஒன்று. மையத்தின் சமூகப் பணியாளர் கூட இருந்து கடிதம் எழுதவைத்தார். ஒரு நிறுவனம் பத்தாம் தேதி மாதத் தவணையாக மாற்றிக்கொடுத்தது. இன்னொன்று வாரக் கட்டை மாற்றவில்லை, ஆனால் வசூலைப் பத்து மணிக்கு மேல் குழுத் தலைவி வீட்டுக்கு மாற்றியது.

தொழிற்சாலைக்கும் ஒரு கடிதம் போனது. தண்ணீர் பாட்டில் லைனில் வைத்துக்கொள்ளவும், காலை ஒன்றும் மதியம் ஒன்றுமாகப் பத்து நிமிடம் மாற்றாள் நிற்கவும் கேட்டோம். பாட்டிலுக்கு உடனே அனுமதி. மாற்றாள் ஷிப்மென்ட் இல்லாத வாரங்களில் மட்டும்.

பின்தொடர்ந்தவை

வலி மாத்திரை நிறுத்திய மூன்றாம், நாலாம் நாள்கள் கடுமை. வாந்தியோடு தலைவலி. எட்டாம் நாள் தணிந்தது. தசைத் தளர்த்தும் பயிற்சி வீட்டில் நடக்கவில்லை: ஒரே அறை, ஐந்து பேர், டிவி. அதை மெட்ரோ பயணத்துக்கு மாற்றினோம். தோளைக் காதுவரை தூக்கி இறுக்கிவிடுவது, தாடையைத் தளர்த்துவது, யாருக்கும் தெரியாத அளவில். அது நிலைத்தது.

நான்காம் வாரம் ஹீமோகுளோபின் 10.6. பச்சரிசி ஆசை அதற்கு முன்பே, இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டது. வீட்டு ரத்த அழுத்தச் சராசரி 131/82. ஓய்வு நாடித்துடிப்பு 96-லிருந்து 82. ஆறாம் வாரம் ஜி.ஏ.டி.-7 எட்டு, ஆகவே மருந்து சேர்க்கவில்லை. மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 12.3. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மாத்திரையை விட்டுவிடுவார்கள். உடம்பில் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்று தொடர்ந்தோம். ஆறாம் மாதம் ஃபெரிட்டின் 34.

தலைவலி மாதம் 22 நாளிலிருந்து ஏழு நாளாகக் குறைந்தது. ஏழும் ஷிப்மென்ட் வாரத்து மாலைகள். மூன்று மணி விழிப்பு வாரத்துக்கு ஒரு முறை இன்னும் உண்டு. அவசரப் பிரிவுக்கு மறுபடி போகவில்லை. ஒருமுறை லைனிலேயே உதடு மரத்தபோது, மூச்சை நீட்டி விட்டுப் பத்து நிமிடத்தில் சமாளித்திருக்கிறார். கடன் அப்படியே இருக்கிறது. கணவர் ஆட்டோவை மீண்டும் எடுத்திருக்கிறார்.

எது மாற வேண்டும்

அவசரப் பிரிவில் எப்படியும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். அதிலேயே ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பார்த்திருந்தால் ஒரு மாதத் துன்பம் குறைந்திருக்கும். மாதவிடாய் நின்றுபோகும் வயதை எட்டாத எந்தப் பெண் படபடப்போடு வந்தாலும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பார்க்காமல் ‘டென்ஷன்’ என்று எழுதக் கூடாது என்பது இப்போது மையத்தின் விதி. அதே விதியின் மறுபக்கம்: சோதனைகள் சரியாக வந்துவிட்டால் ஸ்கேன் மேல் ஸ்கேன் எழுதக் கூடாது. அதுவும் நோயாளியின் பயத்தையும் கடனையும் வளர்க்கும்.

வரலாறு கேட்கும் தாளில் நான்கு கேள்விகள் சேர்ந்துள்ளன: மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை? அரிசி, ஐஸ், சாம்பல் தின்கிறீர்களா? வேலை நேரத்தில் எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறீர்கள்? வாரத்தில் எந்த நாள் மோசம்?

பேச்சுத் துணை முதல் வாரமே தரப்பட வேண்டியது. பணிநேரம் காரணமாக ஆலோசகரைப் பார்க்க அவரால் இரண்டு முறைதான் வர முடிந்தது. தமிழிலும் பேசக்கூடிய, கட்டணமில்லாத அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, நாள் முழுவதும் இயங்குவது, இப்போது முதல் சீட்டிலேயே எழுதித் தரப்படுகிறது. அதன் கீழே இன்னொரு வரி: நெஞ்சுவலி கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைக்கவும்.